மவுன்டன் பைக் டயர் பொருந்தவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மவுன்டன் பைக்கில் டயர் மாற்றுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. "டயர் சரியில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் டயர் மீது குற்றமே இருக்காது. அளவைத் தப்பாகப் படித்திருப்பார்கள், இல்லையென்றால் டயர் ரிம்மில் ஒழுங்காக உட்கார்ந்திருக்காது.

என் சைக்கிள் 26 இன்ச். கடையில் 26 இன்ச் டயர் என்றுதான் கேட்டு வாங்கினேன். ஆனால் ரிம்மில் தொளதொளவென்று நிற்கிறது. எப்படி?

26 இன்ச் என்ற பெயரில் ஒன்றுக்கொன்று சேராத பல டயர்கள் இருக்கின்றன. நம் ஊர் சைக்கிள் கடைகளில் அதிகம் தொங்குவது 26×1⅜. பல லேடீஸ் சைக்கிள்களில் இருப்பது அதுதான். அது உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மி.மீ. மவுன்டன் பைக்கின் 26×1.95, 26×2.10, 26×2.125 எல்லாம் உட்காருவது 559 மி.மீ. ரிம்மில். வித்தியாசம் 31 மி.மீ.; தொளதொளப்பதில் ஆச்சரியமில்லை. 26×1½ என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு 584.

இன்ச் கணக்கு என்பது டயரில் காற்றடித்த பிறகு வரும் வெளிவிட்டத்தைத் தோராயமாகச் சொல்வது மட்டும்தான். ரிம் எவ்வளவு என்று அது சொல்லாது. பின்னத்தில் எழுதியதும் புள்ளி வைத்து எழுதியதும் கணக்கில் சமமாக இருந்தாலும் ஒன்றாகாது: 26×1¾ டயருக்கு 571 ரிம், 26×1.75 டயருக்கு 559 ரிம். கடையில் "ஒன்றே முக்கால்" என்று வாயால் சொன்னால் எது கைக்கு வரும் என்று உத்தரவாதம் இல்லை.

இதில் உண்மையிலேயே ஆபத்தான ஜோடி ஒன்று உண்டு. 27.5 இன்ச் மவுன்டன் பைக்கின் ரிம் 584. அதில் 590 டயர் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும், பார்வைக்கும் பொருந்தியதுபோலவே இருக்கும். 6 மி.மீ.தானே வித்தியாசம்! காற்று ஏற ஏற ஒரு பக்கம் ரிம்மை விட்டுக் கழன்று ட்யூப் வெடிக்கும். இறக்கத்தில் முன் சக்கரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்?

டயரின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 27.5×2.25 என்று போட்டிருப்பார்கள். அதன் பக்கத்திலேயே 57-584 என்பதுபோல் சின்னதாக ஒன்று இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இது ஐ.எஸ்.ஓ. 5775 தரம். பழைய டயரிலும் புது டயரிலும் இரண்டாவது எண் ஒன்றாக இருந்தால் ரிம்மில் ஏறும். ஒரு மி.மீ. மாறினாலும் வாங்காதீர்கள்.

மவுன்டன் பைக்குக்கு மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் போதும்: 26 இன்ச்சுக்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. பிள்ளைகளின் 24 இன்ச் மவுன்டன் பைக் என்றால் 507.

29 இன்ச் என்றால் ஏதோ ராட்சதச் சக்கரம் என்று பலர் நினைக்கிறார்கள். ரேஸ் சைக்கிள்களிலும் ஹைப்ரிட் சைக்கிள்களிலும் உள்ள 700சி ரிம்மும் இதே 622தான். தடித்த டயர் போட்டதால் வெளிவிட்டம் 29 இன்ச்சுக்கு வந்தது, அவ்வளவே. நம் தாத்தா காலத்து 28×1½ சைக்கிளின் ரிம் 635. 29-ஐ விட அதுதான் பெரியது. பெயரை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

27.5-இன் 584-ம் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. 650பி என்ற பெயரில் பிரான்சின் சுற்றுலா சைக்கிள்களில் ஓடிக்கொண்டிருந்த அளவு அது. 2012-இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் சுவிஸ் வீரர் நினோ ஷுர்ட்டர் அந்தச் சக்கரத்தில் ஜெயித்த பிறகு மவுன்டன் பைக் கம்பெனிகள் எல்லாம் அதன் பக்கம் திரும்பின.

பழைய டயரில் எழுத்தே தேய்ந்துபோய்விட்டது. ரிம் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ரிம்மின் ஸ்டிக்கரைப் பாருங்கள். 584×25 என்பதுபோல் எழுதியிருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் டயரைக் கழற்றிவிட்டு, தையற்காரர் டேப்பை ரிம்மின் வெளி ஓரத்தைச் சுற்றி வைத்து அளந்து பாருங்கள். 559 ரிம் சுமார் 179 செ.மீ., 584 ரிம் சுமார் 187, 622 ரிம் சுமார் 199 வரும். ஓரத்தின் உயரம் ரிம்முக்கு ரிம் மாறுவதால் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். 590 ரிம்மும் 189 வாக்கில் வரும் என்பதால் 187-க்கும் 189-க்கும் நடுவே வந்தால் டேப்பை நம்பி முடிவெடுக்காமல் கடையில் டயரை வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

ரிம் அளவு சரி. 2.10 இருந்த இடத்தில் 2.40 போடலாமா?

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: ரிம்மின் உள் அகலம், ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் உள்ள இடம்.

உள் அகலம் என்பது ரிம்மின் இரண்டு சுவர்களுக்கும் நடுவே உள்ள தூரம். பழைய 26 இன்ச் ரிம்களில் 19 மி.மீ. அளவில்தான் இருக்கும், அதற்கு 1.9 முதல் 2.25 வரை நன்றாக உட்காரும். 25 மி.மீ. ரிம்முக்கு 2.2 முதல் 2.4, 30 மி.மீ. ரிம்முக்கு 2.35 முதல் 2.6 என்று வைத்துக்கொள்ளலாம். இதைத் தாண்டினால் ஏறாது என்றில்லை, ஏறும். ஒடுங்கிய ரிம்மில் தடித்த டயர் போட்டுக் காற்றைக் குறைத்தால் வளைவில் டயர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்கும். பின்சக்கரம் பஞ்சராகிவிட்டதோ என்று இறங்கிப் பார்க்க வைக்கும் அந்த ஆட்டம். எதிர்ப்பக்கமும் உண்டு: 30 மி.மீ. ரிம்மில் 700×28 டயர் போட்டு ரோட்டில் வேகமாகப் போகலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது. விட்டம் ஒன்றுதான், ஆனால் டயர் தட்டையாக விரிந்து, குழியில் இறங்கும்போது ரிம் நேராக அடி வாங்கும்.

அடுத்தது இடம். டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்கேல் உள்ளே போகாது. 6 மி.மீ. ஆலன் கீயை எடுத்துச் செருகி, சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். எங்கும் தட்டாமல் வந்தால் சரி. சங்கிலிக்குப் பக்கத்தில் ஓடும் கீழ்க் குழாய்கள், இருக்கைக் குழாயின் அடிப்பகுதி, முன் கியர் மாற்றியின் கூண்டு, மட்கார்டு ஆகிய நான்கும்தான் பொதுவாக மாட்டும் இடங்கள். மழைக்குப் பிறகு செம்மண்ணில் ஓட்டுகிறவர்கள் 6 மி.மீ.யும் போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேறும் சரளையும் ஒட்டிக்கொண்டு சுற்றும் டயர் உப்புத்தாள்போல வேலை செய்யும். பெயின்ட் போவதோடு நிற்காது, கார்பன் ஃப்ரேம் என்றால் உள்ளே உள்ள இழையையே தின்றுவிடும்.

சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் ஒரு பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிற்கும்போது டயருக்கு மேலே நிறைய இடம் தெரியும். ஆனால் ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது மேல் பகுதி டயரை நோக்கி இறங்கி வருகிறது. ஃபோர்க்கின் பயணம், அதாவது அது அமுங்கும் தூரம், 100 மி.மீ. என்றால், டயரின் உச்சிக்கும் மேல் பகுதியின் அடிப்பக்கத்துக்கும் இடையே அதைவிடச் சில மி.மீ. கூடுதலாக இருந்தாக வேண்டும். ஏர் ஃபோர்க் என்றால் காற்றை இறக்கிவிட்டு முழுதாக அமுக்கியே பார்த்துவிடலாம். பெரிய குழியில் அமுங்கி டயர் அங்கே மாட்டினால் முன் சக்கரம் அப்படியே நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் இருக்கைக் குழாய்ப் பக்கம் இதே சோதனை.

2.40 என்று எழுதியிருக்கிறது. வெர்னியர் வைத்து அளந்தால் 2.25தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட வேண்டாம். டயர் கம்பெனி ஒரு குறிப்பிட்ட ரிம் அகலத்தில் வைத்து அளந்து எழுதிய எண் அது. ரிம் ஒடுங்கினால் டயரும் ஒடுங்கும். உள் அகலம் ஒரு மி.மீ. குறைந்தால் டயர் ஏறக்குறைய அரை மி.மீ. குறையும். புது டயர் காற்றடித்து ஓரிரு நாள் ஆன பிறகுதான் முழுதாக விரியும், அதற்குப் பிறகு அளந்து பாருங்கள். சில கம்பெனிகள் டயரின் உடலை அளக்கின்றன, சில பக்கவாட்டுப் பற்களின் நுனிவரை அளக்கின்றன. அதனால் ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி டயர்களில் ஒன்று ஃப்ரேமில் உரசும், மற்றது உரசாது. இடம் குறைவான ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்து ஒரு அளவு குறைத்தே வாங்கலாம்.

அளவு சரியாக இருந்தும் டயர் ஏற மறுக்கிறது. கடைசி ஒரு சாண் உள்ளே போகவே இல்லை.

பலத்தால் முடியாத வேலை இது. ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் ஓடும். டயரின் ஓரக் கம்பி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால் எதிர்ப்பக்கத்தில் தளர்ச்சி கிடைக்கும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கம்பி பள்ளத்துக்கு மேலே ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும், நாம் லீவரைப் போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம்.

வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரண்டு பக்கமும் சமமாக ஏற்றிக்கொண்டு வந்து வால்வில் முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் பள்ளத்தை வால்வே அடைத்துக்கொள்வதால் அங்கே தொடங்கினால் தளர்ச்சி கிடைக்காது. நடு நடுவே டயரைச் சுற்றிலும் கிள்ளிக் கிள்ளிப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டு, சேர்ந்த தளர்ச்சியை வால்வுப் பக்கம் இழுத்து வாருங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் இன்னும் சுலபம். எண்ணெயும் கிரீஸும் வேண்டாம். ரப்பருக்குக் கெடுதல், பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மில் வழுக்கவும் செய்யும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவது இன்றும் பல கடைகளில் நடக்கிறது. ட்யூபில் ஓட்டை, ரிம்மில் வடு, சில சமயம் கம்பியே இழுபட்டு டயர் நிரந்தரமாகத் தளர்ந்துபோவது எல்லாம் அதன் விளைவு. பிளாஸ்டிக் லீவர் இரண்டு வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ட்யூப்லெஸ்ஸுக்குத் தயாரான டயர்கள் வேண்டுமென்றேதான் இறுக்கமாகச் செய்யப்படுகின்றன. முதல் தடவை விரல் வலிக்கும், அடுத்த முறை அவ்வளவு இருக்காது.

டயர் மாற்றிய பிறகு சக்கரம் குதிக்கிறது, அல்லது நெளிந்து ஓடுகிறது. ரிம்மில் கோட்டம் விழுந்துவிட்டதா?

கோட்டம் எடுக்கக் கொடுப்பதற்கு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, டயரைப் பார்க்காமல் ரிம்மை மட்டும் பாருங்கள். ரிம் நேராக ஓடி டயர் மட்டும் ஆடினால் ஸ்போக்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

டயரின் ஓரத்தில், ரிம்மை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். டயர் சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரியும், இரண்டு பக்கமும். ஒரு இடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்திருந்தால் அங்கே கம்பி பள்ளத்திலேயே தங்கிவிட்டது. காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டயரில் எழுதிய உச்ச அழுத்தத்துக்குள் ஏற்றினால் 'டப்' என்ற சத்தத்தோடு வெளியே வந்து உட்காரும். ரிம்மிலும் உச்ச அழுத்தம் எழுதியிருந்தால் இரண்டில் குறைந்ததுதான் எல்லை. கோடு ஒரு இடத்தில் மேலே எழும்பித் தெரிந்தால் அது வேறு கதை: ட்யூப் கம்பிக்கு அடியில் மாட்டியிருக்கலாம், டயர் கழன்று வரப்போகிறது. உடனே காற்றை இறக்குங்கள்.

கோடு சரியாக இருந்தும் டயரின் உச்சி மட்டும் எஸ் வடிவில் நெளிந்தால் உள்ளே நூலிழை அறுந்திருக்கிறது. புது டயர் என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், பழையது என்றால் குப்பைக்கு.

நேராக ஓட்டும்போது ஒன்றுமில்லை. ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் பின் டயர் ஒரு பக்கம் உரசுகிறது.

எழுந்து மிதிக்கும்போது சக்கரமும் ஃப்ரேமும் கொஞ்சம் வளையும். இடம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் அப்போதுதான் சத்தம் கேட்கும். ஒரே பக்கம் என்றால் முதலில் சக்கரத்தின் அச்சை இறுக்கிப் பிடிக்கும் குயிக் ரிலீஸ் லீவரைத் தளர்த்தி, சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி, அச்சு இரண்டு பக்கமும் முழுதாக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும். தீரவில்லையென்றால் ரிம் நடுவில் இருக்கிறதா, ஹப் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, ஸ்போக் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

26 இன்ச் சைக்கிளில் 27.5 சக்கரம் போடலாமா? 29-இல் 27.5?

வி-பிரேக் என்றால் முடியாது. பிரேக் கட்டை ரிம்மைத் தொடாது. டிஸ்க் பிரேக் என்றால் யோசிக்கலாம். 26-இலிருந்து 27.5-க்குப் போனால் ஆரம் 12.5 மி.மீ. கூடும். அந்த இடம் பழைய ஃப்ரேம்களில் பெரும்பாலும் இருக்காது.

29-இலிருந்து 27.5-க்கு வந்தால் ஆரம் 19 மி.மீ. குறையும், அதே அளவு பெடலும் தரைக்கு அருகில் வரும், பாறையில் தட்டும். ஆனால் 27.5×2.8 டயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய 29×2.1-க்குச் சமம் என்பதால், அகலத்துக்கு ஃப்ரேமில் இடம் இருந்தால் உயரம் மாறாமல் மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றம்தான் காசுக்குத் தகுந்தது என்பேன். மற்றதெல்லாம் இரண்டு சக்கரம், இரண்டு டயர் வாங்கும் செலவில் சைக்கிளின் நடத்தையைக் கெடுத்துக்கொள்வதில்தான் முடிகிறது.

ட்யூபுக்கும் இவ்வளவு அளவு பார்க்க வேண்டுமா?

இவ்வளவு இல்லை. ரப்பர் நீளும். வழியில் மாட்டிக்கொண்டால் 29 டயருக்குள் 27.5 ட்யூபைப் போட்டு வீடு வந்து சேரலாம். ஆனால் பெரிய ட்யூபைச் சின்ன டயரில் திணித்தால் மடிப்பு விழுந்து, மடிப்பிலேயே அறுபடும். அகலம் பெட்டியில் போட்டிருக்கும் வரம்புக்குள் இருக்கட்டும். ரொம்ப மெலிந்த ட்யூப் தடித்த டயருக்குள் பலூன் மாதிரி நீண்டு, காற்று சீக்கிரம் இறங்கும்.

வால்வில்தான் கவனம் தேவை. கார், மோட்டார் பைக்கில் உள்ள ஷ்ரேடர் வால்வுக்கு ரிம்மில் சுமார் 8.5 மி.மீ. துளை, மெல்லிய பிரெஸ்டாவுக்குச் சுமார் 6.5. சின்ன துளையில் ஷ்ரேடர் நுழையாது. பெரிய துளையில் பிரெஸ்டா நுழையும், ஆனால் ஆடி ஆடி அடியில் கிழியும். நடுவில் ஒரு வாஷர் வளையம் போட வேண்டும்.

புது டயர், புது ட்யூப், இருந்தும் அடிக்கடி பஞ்சர்.

ஓட்டை எங்கே என்று பாருங்கள். ரிம் பக்கம் இருந்தால் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் விலகி ஸ்போக் துளையின் ஓரம் குத்துகிறது. பக்கத்துப் பக்கத்தில் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவு. வெளிப்பக்கம் என்றால் டயருக்குள் முள் இன்னும் இருக்கிறது. விரலால் தடவாமல் துணியால் தடவிப் பாருங்கள்.

ட்யூப்லெஸ் போட்டேன். பம்ப் அடிக்க அடிக்கக் காற்று ஓரத்தில் போகிறது, டயர் உட்காரவே இல்லை.

கைப் பம்பு தரும் காற்றின் வேகம் போதவில்லை. வால்வின் உள்கருவைக் கழற்றிவிட்டு கம்ப்ரஸரில் ஒரே மூச்சில் அடியுங்கள். பெட்ரோல் பங்க் போவதாக இருந்தால் பிரெஸ்டாவுக்கு அடாப்டர் கையில் இருக்கட்டும். அதற்கும் மசியாத டயரில் ட்யூபைப் போட்டுக் காற்றடித்து ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மறுநாள் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி ட்யூபை உருவுங்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால் மறுபக்கம் சுலபமாகப் பிடிக்கும்.

உட்கார்ந்த பிறகும் காற்று இறங்கினால் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி எங்கே என்று பாருங்கள். ஸ்போக் முனைகளிலோ வால்வைச் சுற்றியோ வந்தால் டேப்தான் காரணம். டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட ஓரிரு மி.மீ. கூடுதலாக இருந்து சுவரை ஒட்டி ஏற வேண்டும். 29×2.4 டயருக்குச் சுமார் 100 மி.லி. சீலன்ட் (சின்ன ஓட்டைகளை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) ஊற்றலாம். நம் வெயிலில் அது சீக்கிரம் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து நிரப்புங்கள். ட்யூப்லெஸ்ஸுக்காகச் செய்யாத பழைய ரிம்மில் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ட்யூபே போதும்.

எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்?

டயரில் எழுதியிருப்பது உச்ச வரம்பு, அடிக்க வேண்டிய அளவு அன்று. கடையில் கல் மாதிரி ஆகும்வரை அடித்துத் தருவார்கள். காட்டுப் பாதையில் அது பிடிமானத்தைக் கெடுக்கும். 70 கிலோ ஆளுக்கு 2.25 டயர், ட்யூபோடு என்றால் மண் பாதைக்கு 28 முதல் 32 பி.எஸ்.ஐ. தொடங்கிப் பார்க்கலாம். பின் சக்கரத்துக்கு இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். ட்யூப்லெஸ் என்றால் 22 முதல் 26. தார் ரோட்டில் மட்டும் ஓட்டினால் 40 வரை போகலாம்.

டயர் மாற்றியதிலிருந்து சைக்கிள் மீட்டர் தூரத்தைக் கூட்டிக் காட்டுகிறது.

புது டயரின் சுற்றளவு பழையதைவிடக் குறைந்திருக்கிறது. வழக்கமான காற்றடித்து, வால்வு கீழே இருக்கும்போது தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று உருட்டி மறுபடியும் வால்வு கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். நடுவே உள்ள தூரத்தை மி.மீ.யில் அளந்து மீட்டரில் பதிந்தால் சரியாகிவிடும்.